மாலை வெயில் – 9: பால் கணக்கு

போன வாரம் வயதானவர்கள் கீழே விழுவதைப் பற்றி எழுதினேன். ஈரத் தரை, இருட்டு நடை, கால் தட்டும் மிதியடி என்று காரணங்களைப் பார்த்தோம். விழுந்து, எலும்பு கூடி, வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதை இந்த வாரம் சொல்கிறேன். அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். தப்பும் நான்தான் செய்தேன்.

இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது 78. வாக்கர் பிடித்து நடக்கலாம், படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். உறையூரில் எங்கள் வீட்டின் முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். டிவியைத் தூக்கி உள்ளே வைத்தோம். முறத்தில் கீரையைக் கொட்டி ஆய உட்கார்ந்தால், “உனக்கெதுக்கும்மா சிரமம், குடு” என்று நான் வாங்கிவிடுவேன். துணியை மடிக்க எடுத்தால், “விடுங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்” என்பார் என் கணவர். நாங்கள் அம்மாவை ராணி மாதிரி வைத்திருப்பதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. எனக்கும் அதில் பெருமைதான்.

மூன்று மாதத்தில் அம்மாவின் வாயில் ஒரே பதில் மிஞ்சியது. இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்? “உன் இஷ்டம்.” எந்தப் புடவை எடுத்து வைக்க? “எதையாவது எடு.” ஜன்னலைத் திறக்கட்டுமா? “உன் இஷ்டம்.” கத்திரிக்காய்க் காம்பு வாடியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் அம்மா இவள். டிவியில் சீரியல் ஓடும், அவள் கண் சுவரைப் பார்க்கும். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அந்தக் கார்த்திகை மாதக் கடைசியில் பால்காரர் வாசலில் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் அவர் வரவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. எந்தத் தேதி என்று தெரியவில்லை. “தினமும் ஊத்தினேன்மா” என்று அவர் அடித்துச் சொன்னார். அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

“பன்னெண்டாந்தேதி வரலைப்பா. அன்னிக்கு இவ பவுடர் பால்ல காபி போட்டா, வாயில வைக்க முடியலை. தீபத்தன்னிக்குப் பாயசத்துக்கு ஒரு லிட்டர் கூட வாங்கினா. அதையும் சேத்துக்க.”

பால்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். “ஆமா, அன்னிக்கு மாட்டுக்கு முடியலைன்னு நான் வரலை. பாட்டியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கணக்கைத் திருத்திக்கொண்டார்.

மூன்று மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அது. மறுநாள் காலை பால் கணக்கை அம்மாவிடம் ஒப்படைத்தேன். “இனிமே நீதாம்மா பாக்கணும், எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது” என்றேன். அது பொய்யும் இல்லை. தினசரி நாட்காட்டியில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் 1 என்றும் 1½ என்றும் எழுதி, ஒரு கிளிப்பில் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் திட்டமிடவில்லை. பால் ஆறு மணிக்கு வரும். ஆகவே ஐந்தரைக்கே எழுந்து முகம் கழுவி, தலை வாரி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். நாங்கள் கெஞ்சியும் நடக்காதவள், பாலுக்காக நடந்தாள். நாலாம் நாள், “கண்ணாடிக் கால் ஒடஞ்சிருக்கு, மாத்திக் குடுடி. எழுதினா கோடு ரெண்டா தெரியுது” என்றாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தனக்கென்று வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அது. பால்காரரின் மாடு சினையாக இருப்பது, மகள் பத்தாவது படிப்பது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். மாடு கன்று போட்டதும் ஒரு தூக்கில் சீம்பால் வந்தது. “எவ்வளவு வெல்லம் போடறே?” என்று அடுப்படி வாசலில் வாக்கரோடு வந்து நின்றாள். “உன் இஷ்டம்” என்ற சொல் எந்த நாளில் அவள் பேச்சிலிருந்து போனது என்று நான் கவனிக்கவே இல்லை.

இது என் அம்மாவுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் 1976-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், “உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, என்றைக்குப் படம் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். விருப்பமிருந்தால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே வளருங்கள்” என்று சொல்லப்பட்டது. இன்னொரு தளத்துக்காரர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால், “தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ் பார்த்துக்கொள்வார், உங்களுக்கு வேண்டியதை நாங்கள் கவனிப்போம்” என்றார்கள். கட்டடம் ஒன்று, கவனிப்பும் ஏறக்குறைய ஒன்று. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, செடிக்குத் தாங்களே தண்ணீர் ஊற்றியவர்கள் அதிக உற்சாகமாக, அதிகச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரிந்தது.

நான் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தது அந்த இரண்டாவது தளம். அவள் செடிக்கெல்லாம் நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு என்ன பொழுதுபோக்கு ஏற்பாடு செய்யலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிவி, பாட்டு, பல்லாங்குழி, ஆன்மிகச் சொற்பொழிவு எதையும் நான் குறை சொல்லவில்லை. பேரக்குழந்தையோடு உட்கார்ந்து பதினாலு குழியிலும் புளியங்கொட்டையை நிரப்பி ஆடுவது நல்ல விஷயம்தான். ஆனால் இன்றைக்கு ஆடாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பால் கணக்கு எழுதாவிட்டால் நஷ்டம். அவர் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நிலை இருக்க வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவது அதுதான்.

உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள், 1855-இல் பிறந்தவர். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த கால்கள் ஓய்ந்துவிட்ட காலம். வீட்டில் இருந்தபடியே, வாரம் தவறாமல் ஓர் அத்தியாயம் கொடுத்தார். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோதுதான் தொடர் நின்றது, நூலும் முற்றுப்பெறாமல் போனது. இரண்டு ஆண்டுக்கு மேல், ஏழு நாளைக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை அவர் எழுத்துக்காகக் காத்திருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறவள் என்ற முறையில் அந்தக் காத்திருப்பு ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உடம்பு முடியவில்லை என்று படுத்திருந்தாலும் கை பேனாவைத் தேடும்.

எல்லோரும் உ.வே.சா. ஆக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் மூட்டுவலியால் வெளியே போக முடியாத பெரியவர் ஒருவர் மின்சார மீட்டரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள பல யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும். அவர் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து, “நானூத்தி முப்பது ஆச்சு, இன்னும் பதினாறு நாள் இருக்கு, ஏசியைக் கொறைங்க” என்று மகனுக்குச் சொல்லிவிடுகிறார். ஓய்வு பெற்ற ஆண்களுக்குத்தான் வீட்டில் இருப்பது பெரிய பாடு. முப்பத்தைந்து வருஷம் காலை ஒன்பது மணிக்கு வெளியே போனவருக்கு, பகல் நேரத்து வீடு பழக்கமில்லாத ஊர் மாதிரி இருக்கும். கணக்கு, ரசீது, மருந்து இருப்பு, குடும்ப ஆவணங்கள் என்று அவர் கைக்குப் பழகிய வேலையாகக் கொடுத்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்.

கையை மண்ணில் வைக்கப் பிடிக்கும் என்றால் வெந்தயக்கீரை. ஒரு கைப்பிடி வெந்தயத்தை ராத்திரி ஊற வைத்து, அகலமான தொட்டியில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் நாலைந்து நாளில் முளை தெரியும். இருபது, இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். வாரத்துக்கு ஒரு தொட்டி என்று நாலு தொட்டியில் மாற்றி மாற்றி விதைத்தால், வாரம் ஒருநாள் வீட்டுக்குக் கீரை உண்டு. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரப் பலகையில் வைத்துக் கொடுங்கள். குனியாமல் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ பார்க்கலாம். அம்மா வைத்த முதல் தொட்டியில் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது. நான் குறுக்கே போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தொட்டி அவளுக்கு நன்றாக வந்தது.

கணினி தெரிந்தவர்களுக்குத் தமிழே வேலை வைத்திருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி எவரும் இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறது. தட்டச்சு செய்தது, பிழை பார்த்தது எல்லாம் உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களின் படிகள் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. இயந்திரம் அவற்றைப் படித்து எழுத்தாக்கும்போது ‘ர’வை ‘ா’ என்றும் ‘ள’வை ‘ன’ என்றும் குழப்பும். ஒரு மனிதர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

கணினி வேண்டாம் என்றால் பீரோவில் இருக்கும் பழைய புகைப்படங்களை எடுத்துக் கொடுங்கள். கல்யாணப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் அந்தத் தாத்தா யார் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவராக இருப்பார். மென்மையான பென்சிலால் படத்தின் பின்னால் அழுத்தாமல் பெயரும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அச்சு முன்பக்கம் புடைத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள் என்றால், சம்பளமில்லாத ஆயாவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. எழுபது வயதில் இரண்டு பேரக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் இரவுச் சமையலும் முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அம்மாக்களை நான் அறிவேன். அவர்களுக்குத் தேவை ஓய்வு. எந்த வேலை, எவ்வளவு, என்றைக்கு விடுமுறை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாவிட்டால் அது பொறுப்பு ஆகாது, சுமைதான்.

வேலை கொடுப்பதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு புத்தகம் படி என்றால் எப்படிப் படிப்பார்? காது கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குவதை, வீட்டில் கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பைப் பொறுத்தவரை, 65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறதோ அந்த அளவுக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கூடத்திலேயே நடக்கலாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் நல்ல பயிற்சி.

எல்லா வாட்டமும் வேலையால் தீராது என்பதையும் மறைக்கக் கூடாது. தூக்கம், பசி, ஆசை மூன்றும் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று வாய்விட்டுச் சொன்னால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, டாக்டர் உண்டு. வயசானால் அப்படித்தான் என்று நானும் ஒருகாலத்தில் சொன்னேன், நீங்கள் சொல்லாதீர்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை கட்டணமில்லாமல் பேசலாம். பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அம்மாவின் கிளிப்பில் இப்போது மூன்று வருஷத்து நாட்காட்டித் தாள்கள் இருக்கின்றன. கிளிப்பும் இரண்டு முறை மாறிவிட்டது. போன மாதம் ஒருநாள் எழுத மறந்துவிட்டாள். நான் எழுதிவிடப் பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். மறுநாள் பால்காரரையே கேட்டு அவளே எழுதிக்கொண்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, எந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை தப்பாகச் செய்தாலும் தயவுசெய்து திரும்ப வாங்காதீர்கள்.

(தொடரும்)