எறும்பு வேடச் சிலந்திகளும் அவற்றின் பெயர்களும்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் வீட்டு மாமரங்களிலும் இலைகளை இழையால் ஒட்டிக் கூடு கட்டும் செந்நிற முசுறு எறும்புக்கு மலாய்ப் பெயர் கெரெங்கா. அதே நிறத்தில், அதே நடையில் அந்த எறும்புகளின் அருகிலேயே வாழும் சிலந்தி ஒன்று உண்டு. மிர்மாபிளாட்டா பிளாட்டாலியோய்டெஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்காசியா எங்கும் இது காணப்படுகிறது.

சிலந்திக்கு உடல் இரண்டு பகுதி, கால் எட்டு. எறும்புக்கு மூன்று பகுதி, கால் ஆறு. சிலந்தியின் முன்னுடல் நடுவில் ஒடுங்கியிருப்பதால் மூன்று பகுதிபோலத் தெரிகிறது. முன்னங்கால் இரண்டும் உணர்கொம்புகளாக ஆடுகின்றன. குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில் பிறந்தும் இது அவசியமின்றிக் குதிப்பதில்லை. முசுறு கடிக்கும், அமிலம் பீய்ச்சும் என்று அறிந்த பூச்சியுண்ணிகள் இதையும் விட்டுவிடுகின்றன. ஆனால் எறும்புகளிடம் இதற்கே பயம். நெருங்கினால் விலகி ஓடும். எறும்பைத் தின்பதற்காகவே முசுறு வேடம் போடுவது அமிசியா என்னும் நண்டுச் சிலந்தி.

மிர்மாபிளாட்டா ஆணின் தாடைகள் மிக நீளம். அதனால் அது இன்னொரு எறும்பைக் கவ்விச் செல்லும் எறும்புபோலத் தோன்றும். வாயில் சுமையுள்ள எறும்பால் கடிக்க முடியாது என்பதால், எறும்புண்ணும் சிலந்திகள் இந்த ஆண்களைக் குறிவைப்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீண்ட தாடைக்கு இது நல்ல விலைதான்.

எறும்பு வேடச் சிலந்திகளுக்கான மிர்மரக்னி என்ற பேரினத்தை 1839இல் மக்லே நிறுவினார். கிரேக்கத்தில் எறும்பும் சிலந்தியும் சேர்ந்த பெயர் அது. முசுறு வேடச் சிலந்தியை 1869இல் இலங்கையிலிருந்து விவரித்தவர் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ். அதன் இனப்பெயரில் உள்ள பிளாட்டாலியா என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். ஆணின் தாடையைப் பார்த்தவர்களுக்கு உவமை விளங்கும். மிர்மரக்னியின் ஆப்பிரிக்க இனங்களை, பெலிப்போ பேரினத்தோடு சேர்த்து, 1978இல் வான்லெஸ் மறு ஆய்வு செய்தார்.

இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களோடு பெருத்துப்போன மிர்மரக்னியை 2016இல் போலந்து அறிஞர் புரோசின்ஸ்கி பல பேரினங்களாகப் பிரித்தார்; மிர்மாபிளாட்டா அப்போது பிறந்ததே. பேரினம் மாறினாலும் இனப்பெயர் தொடரும், லத்தீன் பால்விகுதி மட்டும் புதிய பேரினத்துக்கு ஏற்ப மாறும். மிர்மரக்னி மாக்னா இப்படித்தான் டாக்சியஸ் மாக்னஸ் ஆனது. குஞ்சுகளுக்குப் பால்போன்ற திரவம் ஊட்டுவதாக 2018இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்த சிலந்தி இதுவே.