உஷார்! சூத்திரத்தை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்

தென்காசி வட்டாரத்தில் இயற்பியலோ பொறியியலோ படிக்கும் தம்பி, தங்கச்சிகளே, உஷார்! அரியர் பயத்தில் கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்கிறீர்கள். வழிமுறையும் விடையும் அதில் இருக்கும். அந்த வழிமுறை எங்கே செல்லாது என்பது இருக்காது. ஆபத்து அங்கேதான்.

நம்ம குற்றாலப் பேரருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 60 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் நொடிக்கு 34 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல்! அந்த வேகத்தில் தண்ணீர் விழுந்தால் அடியில் யார் தலையைக் காட்டுவார்கள்? ஆனால் சீசன்தோறும் கூட்டம் கூட்டமாகக் குளிக்கிறோம். சூத்திரத்தில் பிழை இல்லை. அது தடையில்லாமல் விழும் பொருளுக்கானது. இங்கே தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழியில் விழுந்து வேகம் இழந்து, பிறகு வழிந்து, பாறையில் உரசிக்கொண்டு இறங்குகிறது.

அருவியில் தப்பு உடனே கண்ணில் படும். லாப்லாஸ் மாற்றத்தில் படாது. நேரம் கூடக்கூட அடுக்குக்குறியாக வெடித்து வளரும் சார்புக்கு இறுதி மதிப்புத் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யம் என்று வரும்! உண்மையில் அது முடிவிலியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். sF(s)-இன் துருவங்கள் இடது அரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைப் படிக்காமல் விட்டதன் விலை அது. நாளைக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வடிவமைக்கும்போது இதே தப்பு நடந்தால்?

வெள்ளக் கணக்கிலும் நிபந்தனை முக்கியம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. மலையில் பெய்த மழை எத்தனை நிமிடத்தில் கீழே வரும் என்பதும் கணக்குதான். சிவில் மாணவர்களுக்குப் பழகிய மானிங் சூத்திரம் சீரான ஓட்டத்துக்கு உரியது. நேரத்தோடு மாறும் வெள்ளத்துக்கு 1871-இல் செயின்ட் வெனன்ட் தந்த பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் வேண்டும். எம்-3 கணிதப் பாடத்தில் பலர் 'சாய்ஸில்' விடும் யூனிட் இந்த வகையைச் சேர்ந்ததுதான். தயவுசெய்து விடாதீர்கள்.

இன்றைக்கே நோட்டை எடுத்து, ஒவ்வொரு சூத்திரத்தின் பக்கத்திலும் அது செல்லுபடியாகும் நிபந்தனையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வந்த விடையை மூலச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பாருங்கள், அலகையும் சரிபாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அந்த இறுதி மதிப்புத் தேற்றத்திலேயே தொடங்குங்கள்.