அரிவாள்மனையும் பப்பாளிப் பாலும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை முற்றிய கறி வாங்கி வந்துவிட்டால், கொல்லையில் பச்சைப் பப்பாளி இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் ஓடும். பாலக்காட்டு மலையாளிகள் அதை ஓமக்காய் என்பார்கள். இடுக்கிப் பக்கம் போனால் அதுவே கப்பளங்கா. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். காயைத் தோலோடு அரைத்துக் கறியில் பிசறி அரை மணி நேரம் வைத்தால், நாராய் இழுக்கும் கறியும் விரலால் நசுங்கும் பதத்துக்கு வேகும். இதைச் செய்வது காயின் சதையைவிட, தோலைக் கீறியதும் சொட்டும் வெள்ளைப் பால். அந்தப் பாலில் புரதத்தை வெட்டும் நொதிகள் சில இருக்கின்றன. அவற்றில் பேர்பெற்றது பப்பைன். 1870களிலேயே கல்கத்தாவில் ஜி. சி. ராய் என்பவர் பப்பாளிப் பால் இறைச்சியைக் கரைப்பதைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் மட்டும் 1879இல் பாரிசிலிருந்து, அடோல்ஃப் வூர்ட்ஸிடமிருந்து வந்தது.

இது எப்படி வெட்டுகிறது? அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கத்தி காயைத் தேடிப் போவதில்லை, நிமிர்ந்து நிற்கும். நாம்தான் காயைக் கொண்டுபோய் அதில் அழுத்துகிறோம். பப்பைனும் அப்படித்தான். 212 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி சுருண்டு இரண்டு மேடாகி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் 25ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீன்தான் அலகு, அதன் கந்தக முனைதான் கூர். எதிர்ப்பக்கத்தில் 159ஆவது இடத்து ஹிஸ்டிடின் கைகொடுக்கிறது. கறியின் புரதம் சிக்கிக்கிடக்கும் இடியாப்ப இழை மாதிரி. இழையின் ஒரு பகுதி பள்ளத்தில் வந்து உட்காரும்போது கந்தகம் அதைப் பற்றுகிறது, ஒரு நீர் மூலக்கூறு வந்து பிளவை முடித்துவைக்கிறது. துண்டுகள் விலகிப் போனதும் அலகு அடுத்த இழைக்குத் தயார். நறுக்கிய காயோடு அரிவாள்மனையும் தீர்ந்துபோவதில்லை அல்லவா? துளிப் பால் ஒரு சட்டிக் கறிக்குப் போதுவது அதனால்தான். இந்தப் பள்ளத்தின் முப்பரிமாண வடிவத்தை 1968இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் யான் டிரெந்த் குழுவினர் எக்ஸ்ரே கொண்டு வரைந்து காட்டினார்கள்.

காய் மரத்தில் இருக்கும்போது ஏன் தன்னைத்தானே கரைத்துக்கொள்வதில்லை? கத்தி அப்போது உறைக்குள் இருக்கிறது. புரதத்தின் ஒரு கூடுதல் துண்டு பள்ளத்தை மூடிக்கொண்டிருக்கும். தோல் கீறப்பட்டுப் பால் வெளியே வந்த சில நிமிடங்களில் அந்த உறை கழன்றுவிடும். தன்னைக் கடிக்க வரும் புழுவுக்காக மரம் வைத்திருக்கும் ஏற்பாடு இது. நம் கறிச்சட்டி இடையில் வந்து சேர்ந்ததுதான்.

அரிவாள்மனைக்கு எதிரி துரு. பப்பைனுக்கும் அதேதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கந்தக முனை மாறினால் அலகு மழுங்கிவிடும். இரும்பும் செம்பும் பட்டாலும் கெடும். வாளையாறு தாண்டினால் கோவை. அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பப்பைனை மனதில் வைத்தே கோ-2, கோ-5, கோ-6 என்று பப்பாளி ரகங்களை வெளியிட்டது. பால் எடுக்கும் முறையைப் பார்த்தால் இந்தத் துருப் பயம் முழுக்கத் தெரியும். 75 முதல் 90 நாள் ஆன காயில், காலை பத்து மணிக்கு முன், துருப்பிடிக்காத எஃகு பிளேடால் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் நெடுக்குவாட்டில் நான்கு கீறல். மூன்று நான்கு நாள் இடைவெளியில், முன்பு கீறாத இடத்தில், மொத்தம் நான்கு தடவை. பாலை அலுமினியத் தட்டிலோ பிளாஸ்டிக்கிலோதான் பிடிக்க வேண்டும். காற்றின் வேலையைத் தடுக்க 0.05 சதவீதம் பொட்டாசியம் மெட்டா பைசல்பைட் சேர்த்து, 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். வெயிலில் போட்டுக் காயவைத்தால் பழுப்பேறும், வீரியமும் இறங்கும்.

கீறல் விழுந்த காயைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். சர்க்கரைப் பாகில் ஊறிச் சிவப்பும் பச்சையுமாய்ப் பேக்கரி ரொட்டியில் வந்து உட்காரும் டூட்டி புரூட்டி பச்சைப் பப்பாளிதான். பால் எடுத்த காயும் அதற்குத்தான் போகிறது.

பொடியின் விலையை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு கரண்டியும் குண்டூர் மிளகாய்த்தூள் ஒரு கரண்டியும் ஒன்றா? பப்பைனின் காரத்தை அளக்கும் வழி ஒன்று நம் அடுப்படிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது: எவ்வளவு நேரத்தில் பாலைத் திரியவைக்கிறது என்று பார்ப்பது. மூட்டையின் மேல் எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சூடும் ஒரு கணக்கு. பல நொதிகள் சுருண்டுவிடும் 60, 65 டிகிரியில் பப்பைன் உற்சாகமாக வேலை செய்யும். கொதி வந்துவிட்டால் மெல்ல அடங்கிப்போகும். ஆகையால் கொதிக்கும் குழம்பில் பப்பாளியைப் போட்டுவிட்டுக் கறி வேகவில்லையே என்று மரத்தைக் குறைசொல்லக் கூடாது. இரவு முழுக்கப் பிசறி வைப்பது அதைவிட மோசம்: மேல்பாகம் மாவாகிவிடும், நடு அப்படியே இருக்கும். இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். ஜெலட்டினில் செய்த ஜெல்லியில் பச்சைப் பப்பாளியைப் போட்டால் உறையாது. கடல்பாசியில் செய்ததில் போட்டால் உறையும், ஏனென்றால் கடல்பாசி புரதம் அல்ல. கத்திக்கு அங்கே வெட்ட இழை இல்லை.

ஆலையில் இந்தக் கத்தி செய்யும் வேலைகள் பல. குளிரவைத்த பீர் கலங்குவதற்குக் காரணமான புரதத்தை வெட்ட 1911இலேயே லியோ வாலர்ஸ்டீன் காப்புரிமை வாங்கினார். பட்டுநூலின் மேலுள்ள செரிசின் என்ற பசையைக் கழற்றவும் உதவும். எனக்குப் பிடித்தது 1959இல் ராட்னி போர்ட்டர் செய்தது. நோய் எதிர்ப்புப் புரதத்தைப் பப்பைனால் நறுக்கினார். அது கண்டபடி சிதறாமல் மூன்று துண்டாக விழுந்தது. அதன் வடிவத்துக்கு வழிகாட்டியது அந்த வெட்டுதான். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, இந்தப் பொடியைக் கையால் அள்ளும் ஆட்களிடம் சொல்ல வேண்டியது. அரிவாள்மனைக்குக் கத்திரிக்காய் எது, விரல் எது என்று தெரியாது. பால் எடுப்பவர்களின் விரல்தோல் எரிந்து உரிவது அதனால்தான்; கையுறை வேண்டும், பால் பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் தோலைவிட மூச்சுதான் பெரிய கவலை. மிளகாய் வறுத்தால் வீடே இருமும். நெடியே எச்சரித்து நம்மை வெளியே துரத்திவிடும். பப்பைன் தூசிக்கு அந்த நாணயம் கிடையாது. முதல் நாள் ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கிலும் தெரியாமல் போகலாம். உடம்பு அதற்குள் அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகொரு நாள் சிட்டிகைத் தூசிக்கே இளைப்பு வரும். அப்படி ஆனவரை அந்த வேலையிலிருந்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 1969இல் இங்கிலாந்துச் சலவைத்தூள் ஆலைகளில், பாக்டீரியாவிலிருந்து எடுத்த வேறொரு புரதவெட்டி நொதியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததை லான்செட் இதழ் வெளியிட்டது. அதன்பின்தான் நொதியைப் பூச்சிட்ட குருணையாக்கும் வழக்கம் பரவியது. 1960களில் எலிகளின் நுரையீரலுக்குள் பப்பைனைச் செலுத்திய ஆய்வாளர்கள், காற்றறைகளின் சுவர் கரைந்து எம்பைசீமா என்ற நுரையீரல் நோய் உண்டானதைக் கண்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் பப்பைன் கலந்த மேல்பூச்சு மருந்துகளை விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னது. கடுமையான ஒவ்வாமைதான் காரணம்.

ஆகையால் மூட்டையை உதறிக் கொட்டக் கூடாது. தூசி உறிஞ்சும் விசிறிக்குக் கீழே வைத்து, மூக்கில் துணி கட்டாமல் பொருத்தமான N95 முகமூடி போட்டுக்கொண்டு, மெதுவாகக் கலக்க வேண்டும். பொடிக்குப் பதில் திரவமோ குருணையோ கிடைத்தால் அதையே வாங்குங்கள். மீதியை இறுக மூடிக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்; ஈரம் பட்டால் இந்தக் கத்தி தன்னையே நறுக்கிக்கொள்ளும். கீழே சிந்தியதைக் காற்றுக்குழாயால் ஊதவே கூடாது. யாராவது பெருக்குவதற்கு விளக்குமாற்றை எடுத்தால் அதை வாங்கி வைத்துவிட்டு ஈரத்துணியைக் கொடுங்கள்.