பத்துப் பைசாக் கடை

மாணவியரே! நான் ஐந்து பைசா கடன்பட்டவள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கடன் தீரவில்லை. இனித் தீர்க்கவும் வழியில்லை. அந்தக் கடன் வந்த கதையைச் சொன்னால், நம் நடுவிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட ஒருவகைக் கடையைப் பற்றியும் சொன்னதாக ஆகும்.

1970களின் நடுப்பகுதி அது. நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் உள்ள நம் கே.ஜி.கண்டிகையில், பேருந்து நிற்கும் இடத்திற்கு அருகே பலகைக் கதவு வைத்த ஒரு சிறு கடை இருந்தது. கடையை நடத்தியவர் வயதான ஓர் அம்மாள். நாங்கள் எல்லோரும் அவரை ஆயா என்றே அழைப்போம். இரட்டைப் பின்னலுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டாமல் வந்தால் பள்ளியில் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு சோடி ரிப்பன் பதினைந்து பைசா. என் கையில் இருந்ததோ பத்துப் பைசா. ஆயா முழத்தால் அளந்து, ரிப்பனை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "மீதிய நாளைக்குக் கொண்டாந்து குடு கண்ணு" என்றார்.

மறுநாள் என் அம்மா ஐந்து பைசா கொடுத்தார். அதைப் பள்ளி வாயிலில் ஜவ்வு மிட்டாய்க்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஆயாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சாலையின் மறு ஓரமாக நடக்கத் தொடங்கினேன். முழுப் பரீட்சை முடிந்து வந்து பார்த்தபோது கடை பூட்டியிருந்தது. ஆயா நகரிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

ஒரு கடைக்குள் ஒரு நாடு

அந்தக் கடையில் என்னதான் இல்லை! கண்ணாடி வளையல், ரப்பர் வளையல், பாசிமணி, கல் வைத்த மோதிரம், கவரிங் கம்மல், சாந்துப் பொட்டு, கண்மை, சீப்பு, ஈர்வலி, ஊக்கு, கொண்டை ஊசி, நூல்கண்டு, பம்பரம், கோலிக்குண்டு, ஊதல், மரச்சொப்பு, சிலேட்டுக் குச்சி, வண்ணக் காகிதம் எல்லாம் உண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யவும் குடில் சோடிக்கவும் வேண்டிய பளபளப்புக் காகிதமும் அங்கேதான் வாங்குவோம். மளிகைக் கடை வயிற்றுக்கு என்றால், இது மனத்துக்கான கடை எனலாம்.

இப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடி வளையல் உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தின் சூளைகளில் உருவாவது. கவரிங் நகைக்குப் பெயர்பெற்றது சிதம்பரம். மரச்சொப்புக்குத் தமிழகத்தில் அம்பாசமுத்திரமும், வண்ண மரப்பொம்மைக்குக் கர்நாடகத்தில் சென்னபட்டணாவும் பெயர்பெற்றவை. தீப்பெட்டியும் அச்சிட்ட படங்களும் சிவகாசியின் கைவண்ணம். சென்னையில் பாரிமுனையை அடுத்த நாராயண முதலி தெரு போன்ற மொத்த வியாபாரத் தெருக்களில் இவை குவிந்து, அங்கிருந்து மூட்டையாகக் கட்டப்பட்டு ரயிலேறிச் சிற்றூர்களுக்கு வந்து சேரும். நான்கு முழ அகலக் கடையில் ஒரு நாட்டின் உழைப்பே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்றால் மிகையாகாது.

எல்லை ஊர் ஆகையால் ஆயாவின் கடையில் இரண்டு மொழிகள் புழங்கின. வளையலை வளையல் என்று கேட்பவரும் உண்டு, காஜுலு என்று தெலுங்கில் கேட்பவரும் உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி அதனோடு சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும், கடைக்கு வருவோரின் பேச்சு மாறவில்லை.

கடைக்காரரின் கணக்கு

இத்தகைய கடை எப்படிப் பிழைத்தது? கணக்குப் பாடத்தில் நீங்கள் படிக்கும் டஜனும் குரோஸும்தான் இதன் உயிர். 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144 உருப்படி. ஒரு குரோஸ் மோதிரம் 12 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்க விலை எட்டேகால் பைசாவுக்குச் சற்று அதிகம். பத்துப் பைசாவுக்கு ஒன்றாக 144ஐயும் விற்றால் 14 ரூபாய் 40 பைசா கிடைக்கும். லாபம் 2 ரூபாய் 40 பைசா. அப்படியானால் ஒரு மோதிரத்தில் கிடைப்பது இரண்டு பைசாகூட இல்லை.

இந்தக் கணக்கை நான் ஆசிரியை ஆன பிறகு ஒரு நாள் கரும்பலகையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இந்தக் கணக்குப்படி ஐந்து பைசா என்பது மூன்று மோதிரங்களின் லாபம். நான் தின்ற மிட்டாயை ஈடுகட்ட ஆயா மூன்று பிள்ளைகளுக்கு மூன்று மோதிரம் விற்றிருக்க வேண்டும். 'ஐந்து பைசாதானே' என்று நான் அதுவரை எண்ணியிருந்தது எவ்வளவு தவறு!

அமெரிக்காவில் ஐந்து சென்ட் கடை

இவ்வகைக் கடைகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவில் பிராங்க் வின்பீல்டு உல்வொர்த் என்பவர் 1879ஆம் ஆண்டு யூட்டிகா நகரில் எந்தப் பொருளும் ஐந்து சென்ட் என்று ஒரு கடை திறந்தார். அது சில மாதங்களிலேயே நொடித்துப்போனது. அவர் மனம் தளராமல் அதே ஆண்டு ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மீண்டும் திறந்தார். அது வென்றது. பின்னர் பத்து சென்ட் பொருள்களும் சேர்ந்தன.

அக்காலத்துக் கடைகளில் பொருள்கள் பெரும்பாலும் விற்பவருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். விலையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். உல்வொர்த் பொருள்களை மேசைமேல் பரப்பி, எல்லோரும் தொட்டுப் பார்த்து எடுக்கும்படி வைத்தார். விலை வெளிப்படையாக இருந்ததால் ஏழைச் சிறுமியும் கூச்சமின்றி உள்ளே போக முடிந்தது. இந்தச் சின்னக் காசுகளைச் சேர்த்தே அவர் நியூயார்க்கில் 792 அடி உயரக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். 1913இல் திறக்கப்பட்ட அது 1930 வரை உலகிலேயே மிக உயரமான கட்டடமாக விளங்கியது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரின் உல்வொர்த் கடையில் கறுப்பின மாணவர் நால்வர் சில சில்லறைப் பொருள்களை வாங்கினர். காசு வாங்கப்பட்டது. பின் அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டபோது, கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று மறுக்கப்பட்டது. அவர்கள் எழுந்து போகவில்லை, கடை மூடும்வரை அமைதியாக அமர்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து அமர்ந்தனர். அந்த அறப்போர் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலை மாதம் அந்தக் கடை தன் வழக்கத்தைக் கைவிட்டது. காசை வாங்கிக்கொண்டு ஆளை ஒதுக்கும் கொடுமை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த ஊர்கள் நம் தமிழகத்திலும் இருந்தன. ஆதலால் பழைய கடை என்றதும் எல்லாம் பொற்காலம் என்று பாடிவிடக் கூடாது.

காசு தேய்ந்தது, கடை மறைந்தது

இக்கடைகள் ஏன் மறைந்தன? முதற்காரணம் காசின் தேய்வு. நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அன்றுமுதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. 1964இல் 'நயா' என்ற சொல் நீங்கியது. நாலணா 25 பைசா ஆனது, எட்டணா 50 பைசா ஆனது. ஓரணாவுக்கோ ஆறேகால் பைசா வரும். கால் பைசா எங்கும் இல்லாததால் ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். அலுமினியக் காசுகள் உங்களுக்கு விளையாட்டுச் சாமான்போலத் தோன்றும். மூலை மழுங்கிய சதுரமாக ஐந்து பைசா, விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல் இருக்கும் பத்துப் பைசா. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எது எவ்வளவு என்று சொல்லிவிடுவோம்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்தின் நடுவே தரையில் சாக்கு விரித்து விற்பவர்களின் குரலைக் கேட்டிருப்பீர்கள். நான் சிறுமியாக இருந்தபோது "எது எடுத்தாலும் நாலணா!" என்றார்கள். பிறகு அது எட்டணா ஆயிற்று. பிறகு ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய். குரல் அதே குரல்தான், தொகைதான் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1932இல் உல்வொர்த் நிறுவனம் உச்ச விலையை 20 சென்ட் ஆக்கியது. 1935இல் விலை வரம்பையே நீக்கியது. பேரங்காடிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் 1997இல் அந்நாட்டில் அதன் பழைய வகைக் கடைகள் மூடப்பட்டன. இங்கிலாந்தில் அப்பெயர் தாங்கிய கடைகள் 2009 ஜனவரியில் மறைந்தன.

நெருப்பில் மறைந்த கடைகளும் உண்டு. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, 1900ஆம் ஆண்டு முதல் மூர் மார்க்கெட் என்னும் சிவப்புக் கட்டடச் சந்தை இருந்தது. பழைய புத்தகம், பொம்மை, விளையாட்டுச் சாமான், கிளி, முயல் என அங்கே கிடைக்காத பொருள் அரிது. 1985இல் அது தீக்கிரையானது. வியாபாரிகள் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? அந்த ரயில்கள் போய் நிற்கும் இடத்தின் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். கடை போனாலும் பெயர் ரயிலேறி நம் ஊர்வரை வருகிறது.

எதைக் காப்பாற்றுவது?

இன்று ஆயாவின் கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. அதனால் உலகம் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்று நீங்கள் வீட்டிலிருந்தே ரிப்பன் வாங்கலாம், இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் கைபேசியில் பத்துப் பைசாவுடன் போய் நிற்க முடியாது. கையிலிருப்பது குறைந்தால், "நாளைக்குக் கொண்டாந்து குடு கண்ணு" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மிகச் சிறிய காசோடு வந்த சிறுமியையும் முழு வாடிக்கையாளராக மதித்து, அவள் சொல்லை நம்பிப் பொருளைக் கொடுத்ததே அந்தக் கடைகளின் பெருமை. மறையக் கூடாதது அந்த நம்பிக்கை.

2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவை ஆகிவிட்டன. இனி ஆயாவின் பேரப்பிள்ளைகளை நான் கண்டுபிடித்தாலும் அந்த ஐந்து பைசாவை ஐந்து பைசாவாகக் கொடுக்க முடியாது. அன்று மறுநாளே கொடுத்திருந்தால் பத்து அடி நடந்திருந்தாலே போதும்.

ஆகவே மாணவியரே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ரிப்பனும் ஊக்கும் வண்ணக் காகிதமும் வேண்டுமென்றால் முதலில் உங்கள் ஊர்ச் சிறு கடையில் கேளுங்கள். இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி சாக்கு விரித்து விற்பவரோடு வழக்காடாதீர்கள், அவருடைய குரோஸ் கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள். யாரேனும் உங்களை நம்பி ஒரு ரூபாய் கடன் சொன்னால், அதை மறுநாளே திருப்பிக் கொடுங்கள். நேரம் கடந்தால் காசும் செல்லாததாகிவிடும், கொடுக்க வேண்டியவரும் இல்லாமற்போவார்.