கரும்புத் தோட்டத்திற் பிறந்த வினா

பரிசு பெற்ற கவிதையையும் சிறுகதையையும் பற்றி நம் இலக்கிய வட்டங்களில் ஓயாது பேசுகிறோம். பரிசுக்குரிய பொருளியற் கட்டுரையைப் பற்றிப் பேசுவார் அரியர். எண்களும் வரைபடங்களும் நிறைந்த அத்துறை நமக்கு எட்டாதது என ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், சப்ரகமுவத் தோட்டப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரிபவன் என்ற முறையில், நம் மாணவர் அவசியம் அறிய வேண்டிய பொருளியற் கட்டுரை ஒன்று உண்டு என்பேன்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் லூசியாவில் 1915ஆம் ஆண்டு ஆசிரியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆதர் லூயிஸ். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பொறியியலாளராக வேண்டுமென்பது அவரது இளமை அவா. கறுப்பினத்தவன் ஒருவனுக்குக் குடியேற்ற அரசோ வெள்ளையர் கம்பனியோ அவ்வேலையைத் தராது என உணர்ந்து, இலண்டனில் வணிகவியல் பயிலச் சென்றார். 1939இலேயே மேற்கிந்தியத் தொழிலாளர் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். மன்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த காலத்தில், 1954இல், அளவற்ற உழைப்பாளர் உள்ள நாடுகளின் வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதினார். சுவீடன் மத்திய வங்கி நோபெல் நினைவாக 1968இல் நிறுவிய பொருளியற் பரிசு, 1979இல் அவருக்கும் தியோடர் ஷுல்ட்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லூயிஸுக்குப் புகழ் தேடித் தந்தவற்றுள் அக்கட்டுரையே தலையாயது.

அதிலே ஒரு வினா எழுகிறது. கரும்புத் தோட்டங்களில் ஏக்கரொன்றின் விளைவு முக்கால் நூற்றாண்டில் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. கோதுமை அவ்வாறு பெருகவில்லை. அவ்வாறிருக்கக் கோதுமை விளைவிப்பவன் வளமுடன் வாழவும், கரும்பு வெட்டுபவன் காலிற் செருப்பின்றிக் குடிசையில் உழலவும் காரணம் என்ன?

கூலியைத் தீர்மானிப்பது தொழிலாளி விளைவிக்கும் பொருளன்று. அவ்வேலையை விட்டால் அவன் வேறிடத்தில் எவ்வளவு ஈட்டக்கூடும் என்பதே என்றார் லூயிஸ். வெளியே வறுமை நிலவும் வரை உள்ளே கூலி உயராது. விளைவுப் பெருக்கத்தின் பயன், விலைக் குறைவாகி, கடல் கடந்த நுகர்வோரைச் சேரும். அயற்கிராமத்து உழவன் முன்னேறாதிருத்தலே தோட்ட முதலாளிக்கு ஆதாயம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதனை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். சொந்த நிலமுடைய சிங்களக் கிராமத்தவர் பலர் தோட்டக் கூலிக்கு ஆண்டு முழுவதும் உழைக்க முன்வரவில்லை. பஞ்சத்தால் வாடிய தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். யட்டியாந்தோட்டையிற் பால் வெட்டியவனின் கூலியை அளந்த கோல், இறப்பரின் விலையன்று. அவன் விட்டுவந்த ஊரின் வறுமை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கி, வேறு வழிகளையும் அடைத்தது.

“உற்பத்தித் திறன் உயரட்டும், சம்பளம் தானே உயரும்” என்பது சம்பளப் பேச்சுத்தோறும் நாம் கேட்டுப் பழகிய மொழி. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021இல் அரசின் ஆணை வேண்டியிருந்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராமல் ‘அரைப் பேர்’ பெற்றுத் திரும்பும் பெண்ணுக்குக் கை வேகம் மட்டும் போதாது. சொந்த நிலமும் கல்வியும் வேறு தொழிலும் வேண்டும். லூயிஸின் கட்டுரை நமக்குத் தரும் படிப்பினை இதுவே.

எனினும் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடவில்லை. உழைப்பாளர் மிகுதி தீர்ந்தால் கூலி உயரும் என்பது அவர் கொள்கை. இன்று நம் இளைஞர் கொழும்புக்குச் செல்கின்றனர். தோட்டங்கள் ஆட்பஞ்சத்தைச் சொல்லி வருந்துகின்றன. அவ்வாறாயின் ஆணையின்றிக் கூலி உயர மறுப்பதேன்? லயத்து அறை வேலையோடு பிணைந்திருப்பதாலா? இரத்தினபுரிச் சிறுதோட்டங்களிற் கிலோக் கணக்கிற் பெறும் கூலி இந்நிலையை மாற்றுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பெரட்டுக் களத்தையும் லயத்தையும் அறிந்தவரே தகுதி மிக்கவர். பெலிஹுல்ஓயாவிலே சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அங்கும் பிறவிடங்களுக்கும் செல்லும் மாணவர், பரிசை எண்ணியன்று, தம் தாயின் சம்பளத் துண்டை எண்ணி ஆராய்ச்சியைத் தொடங்குவாராக.