சிறுசேரியில் வாடகைக்கு விட வீடு வாங்குதல்

சிறுசேரி, செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய மாமல்லபுரம் சாலையை (ராஜீவ் காந்தி சாலை) ஒட்டி அமைந்துள்ள ஊர். இங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. சென்னைக் கணிதவியல் கழகமும் இப்பூங்காவிற்குள்தான் உள்ளது. அங்கு பணிபுரிவோரை நம்பியே நாவலூர், ஏகாட்டூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் ஆகிய ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பணி ஓய்வுத் தொகையை இங்கே ஒரு வீட்டில் போட்டு, வாடகையை இன்னொரு ஓய்வூதியமாகக் கருதுவோர் பலர். என்னோடு பணியாற்றிய ஆசிரியர்களிலும் சிலர் அப்படிச் செய்தார்கள். எல்லோருக்கும் கணக்கு நேராகவில்லை.

வாடகைக் கணக்கு

விற்பனையாளர் காட்டும் கணக்கில் வீட்டின் விலையும் மாத வாடகையும் மட்டுமே இருக்கும். உண்மையான கணக்கு வேறு. எடுத்துக்காட்டாக, ஒருவர் 60 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்குகிறார் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனப் பத்திரத்திற்கே 5.4 லட்சம் ஆகிறது. அலமாரி, மின்விசிறி, தண்ணீர் சூடேற்றி, வண்ணப்பூச்சு என்று மேலும் 2.6 லட்சம் செலவிட்டால் முதலீடு 68 லட்சம். மாத வாடகை 20,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் வரவு 2.2 லட்சம். சொத்துவரி, பழுதுபார்ப்பு, தரகு ஆகியவற்றுக்கு 40,000 போனால் கையில் நிற்பது 1.8 லட்சம். இது முதலீட்டில் ஏறத்தாழ 2.65 சதவீதம்தான்; வங்கி வைப்புநிதி வட்டியைவிடக் குறைவு.

கடன் வாங்கினால் நிலை இன்னும் இறுக்கம். 45 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். 'வாடகையே தவணையைக் கட்டிவிடும்' என்று சொல்வோரிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லலாம். மீதி 19,000 எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இருப்பவர் மட்டுமே வாங்க வேண்டும்.

ஆகவே, இங்கு வாங்குவோர் உண்மையில் நம்புவது விலை ஏற்றத்தைத்தான். ஏறுவது நிலத்தின் விலை. கட்டடம் ஆண்டுதோறும் தேயும். எனவே பத்திரத்தில் எழுதப்படும் நிலத்தின் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பார்க்க வேண்டும். ஒரே பரப்புள்ள இரு வீடுகளில், பல மாடிக் கோபுரத்தில் உள்ளதற்கு இப்பங்கு பொதுவாகக் குறைவாகவும், மூன்று மாடிக் கட்டடத்தில் கூடுதலாகவும் இருக்கும்.

இடத்தைப் பார்த்தல்

ஒரே தொழிலை நம்பிய ஊரில் அத்தொழில் தும்மினால் வாடகைக்குச் சளி பிடிக்கும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர்கள் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்த்தபோது இது தெரிந்தது. மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றுக்கும் அருகில் உள்ள கேளம்பாக்கம், படூர்ப் பக்கம் இந்த இடர் சற்றுக் குறைவு என்பது என் கருத்து.

அடுத்தது தண்ணீர். இந்தச் சாலையோரக் குடியிருப்புகள் பலவும் லாரித் தண்ணீரை நம்பியவை. 2019 கோடையில் இப்பகுதி நிறுவனங்கள் சில தண்ணீர்ப் பற்றாக்குறையால் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. வீட்டை ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறையும் போய்ப் பார்ப்பது நல்லது. கோடையில் காவலாளியிடம் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்று கேட்கலாம். மழையில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டு விளம்பரத் தாளை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்கக் கூடாது.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ இரண்டாம் கட்ட வழித்தடம் சுமார் 45 கிலோமீட்டர் நீளமுடையது. மெட்ரோவைச் சொல்லியே விலை கூட்டுகிறார்கள். நிலையத்திற்கு நடந்து போக முடியுமா என்பதை நடந்தே பார்த்துவிடுங்கள்.

ஆவணங்கள்

தாய்ப்பத்திரம், பட்டா, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் பார்க்க வேண்டும். அந்த வழக்கறிஞர் விற்பவர் காட்டுபவராக இருக்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டப்படும் புதிய திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

வாடகைதாரர்

இங்கு வாடகைக்கு வருவோரில் பெரும்பாலோர் சேர்ந்து தங்கும் இளைஞர்கள். சில குடியிருப்புச் சங்கங்கள் திருமணமாகாதவர்களை அனுமதிப்பதில்லை. வாங்கிய பிறகு இதை அறிந்தால் மாதக்கணக்கில் பூட்டிய வீடுதான் மிஞ்சும்.

பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் கூடாது. வாடகை வங்கிக் கணக்கின் வழியே வரட்டும். வருமான வரிக் கணக்கில், செலுத்திய சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவாகக் கிடைக்கும்; இதற்கு ரசீது எதுவும் காட்ட வேண்டியதில்லை.