சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு: மருந்து அடிக்க வேண்டாம்

கடலூர், பரங்கிப்பேட்டை கடலோர மணல் மேடுகளில் தோட்டக்கால் வைத்திருக்கும் விவசாயிகள், வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பதைக் கண்டு, இது கத்தரிக்கும் பப்பாளிக்கும் தாவிவிடுமோ என்று கேட்பதுண்டு. தாவாது. இது கொச்சினீல் என்னும் பூச்சி. கள்ளியின் சாறே இதற்கு உணவு. ஒரு குச்சியால் நசுக்கிப் பார்க்கவும். ரத்தம்போல் சிவப்புச் சாறு வந்தால் கொச்சினீல்தான். 2008இல் தமிழ்நாட்டில் தோன்றிப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

நாகதாளி என்றும் சொல்லப்படும் சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பூந்தொட்டிகளில் விற்கும் வெள்ளை முள் போர்த்த சிறு கள்ளிகளும் மெக்சிகோ வறண்ட நிலங்களின் செடிகளே. அங்கே மழை அபூர்வம், வெயில் கடுமை. ஆகவே இலை முள்ளாகிவிட்டது. வெள்ளை முள் உடம்புக்கு நிழல் தருகிறது. இலையின் வேலையைப் பச்சைத் தண்டு செய்கிறது. மற்றப் பயிர்கள் பகலில் திறக்கும் சுவாசத் துளைகளைக் கள்ளி இரவில்தான் திறக்கும். அதனால் நீர் வீணாவதில்லை. வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பரவிச் சிறு தூறலையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் அந்த வேர் அழுகும். சிதம்பரம் பக்கத்து நெல் வயல் களிமண்ணில் கள்ளி நிலைக்காமல், மணல் மேட்டில் செழிப்பதற்குக் காரணம் இதுவே.

இங்கு வந்த கள்ளிக்கு எதிரியே இல்லாததால் அது மேய்ச்சல் நிலங்களை மூடிக்கொண்டது. 1795இல் சிவப்புச் சாயம் எடுக்கும் நோக்கத்தோடு பிரேசிலிலிருந்து ஒரு கொச்சினீல் இனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் சரியாகக் கிடைக்கவில்லை. ஆனால் அது வேறொரு கள்ளி இனத்தைத் தின்று அழித்தது. சப்பாத்திக்கள்ளியை அது தொடவில்லை. இந்தப் பூச்சிகள் அவ்வளவு இனம் பார்ப்பவை! பிறகு 1926இல் இலங்கை வழியாக மற்றொரு இனம் வந்தது. சில ஆண்டுகளில் தென் மாவட்டங்களில் கள்ளிக்காடுகள் சாய்ந்தன. மருந்துச் செலவு ஒரு பைசா கிடையாது.

இன்று உங்கள் வேலியில் காண்பது அந்த வகைப் பூச்சியே. அதன் மேல் பூச்சிக்கொல்லி தெளித்தால் கள்ளி பிழைத்துக்கொள்ளும், காசு உங்களுக்கு நஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பூச்சியைக் கழுவிவிடுவதால் கள்ளி மறுபடி துளிர்க்கலாம். தை பிறந்து மழை ஓய்ந்ததும், பூச்சி பிடித்த மட்டை ஒன்றிரண்டை இடுக்கியால் எடுத்து, பூச்சியில்லாத புதர்மேல் வைத்தால் போதும். வெட்டிய மட்டைகளை வரப்பில் எறியாதீர்கள். ஒவ்வொரு மட்டையும் வேர்விட்டுத் தனிச் செடியாகும். குழி தோண்டி ஆழப் புதைக்கவும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புவதால், காய்க்கும் முன்பே இதைச் செய்வது நல்லது.

வறட்சியில் மட்டையை மாட்டுக்குப் போடலாமா? போடலாம், ஆனால் தீயில் வாட்டிப் பெரிய முள்ளையும் சுணை முள்ளையும் முழுக்கப் போக்கிய பிறகே. சுணை முள் ஆட்டின் வாயையும் நாக்கையும் புண்ணாக்கும். மட்டையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். புரதம் மிகக் குறைவு. தனியாகக் கொடுத்தால் கழியும். நறுக்கி வைக்கோலுடன் கலந்து, கொஞ்சம் பிண்ணாக்கும் சேர்த்து, சிறிதளவில் தொடங்கிப் பழக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை பெயரில் மட்டுமே கள்ளி, குடும்பம் வேறு. கீறினால் வெள்ளைப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. பால் வடியும் கள்ளியை எக்காரணம் கொண்டும் மாட்டுக்குப் போடாதீர்கள். வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவும்.